முகராத பூ

மாமியாரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. கையெழுத்து மாமாவுடையது. வார்த்தைகள் அத்தையுடையவை. வரும் சனிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வருவதாகவும், லீலாவின் ரோஜாவில் கட்டச் சொன்ன ஒட்டுச்செடி தயாராக இருந்தால் திரும்பும்போது எடுத்துப் போவதாகவும் எழுதியிருந்தது. பழனியில் நந்தவனத்தில் அதற்கு இடம் ஒதுக்கியாகிவிட்டதாம். கடைசி வரி இது: "முதல் பூவை ஆண்டவனுக்குக் கொடுத்த செடி. அந்தப் புண்ணியத்தில்தான் பிள்ளையாவது தங்கியது."

கடிதத்தை மடித்து மேசையில் வைத்தேன்.

அந்தப் பூ ஆண்டவனுக்குப் போகவில்லை. அது எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்க்கும் டிராயிங் மாஸ்டர் நல்லுசாமிக்குத் தெரியும். என் மனைவி லீலாவுக்குத் தெரியாது. தெரியாமலே இறந்துபோனாள். இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. திதிக்கு இன்னும் மூன்று வாரம்.

லீலாவின் வீடு பழனி அடிவாரத்தில் இருக்கிறது. கோயிலுக்கு மாலை கட்டும் குடும்பம். மாமா நாச்சிமுத்து தினமும் இருட்டோடு எழுந்து நாரை நனைத்துப் போடுவார். வீட்டுக்குப் பின்னால் நந்தவனம். அதில் பூப்பதை வீட்டுப் பெண்கள் சூடமாட்டார்கள். புதிதாக எந்தச் செடி வைத்தாலும் முதல் பூ ஆண்டவனுக்கு. அதை யாரும் முகரக் கூடாது. முகர்ந்தால் எச்சில். பூப்பறிக்கும்போது சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். லீலா அப்படி வளர்ந்தவள். மல்லிகைக் கூடையைத் தாண்டும்போது அவளை அறியாமலே மூச்சு நின்றுவிடும். ஆறு வயதில் பழகியது என்று சொல்வாள்.

நான் அய்யம்பாளையத்துக்காரன். மதுரையில் தாவரவியல் படித்தேன். கொடைக்கானலில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். 1961ல் திருமணம். நாயுடுபுரத்தில் ஒரு வாடகை வீடு. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் இருந்தது. எனக்கு முன்னால் குடியிருந்தவர்கள் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். லீலா வந்த மூன்றாவது நாள் மண்வெட்டி கேட்டாள்.

மறு வருஷம் ஆகஸ்டில், ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் இருந்த துரைசானி சீமைக்குத் திரும்பிப் போகத் தயாரானாள். அந்த வேலிக்குள் ஒரு ரோஜா நின்றது. நல்ல சிவப்பு. அதில் வெள்ளை வரிகள். ஒரு பூவின் வரி மாதிரி இன்னொரு பூவின் வரி இருக்காது. லீலா ஒரு வாரம் அந்த வழியாகவே கடைக்குப் போனாள். எட்டாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கேட்கச் சொன்னாள். கேட்டேன். ஹைபிரிட் டீ வகை, பெயர்த் தகடு எப்போதோ தொலைந்துவிட்டது என்று துரைசானி சொன்னாள். தானே ஒரு குச்சி வெட்டி ஈரப் பாசியில் சுற்றிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு பூவை வளைத்து லீலாவின் முகத்தருகே நீட்டினாள். லீலா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துரைசானி சிரித்துவிட்டாள்.

வரும் வழியில் கேட்டேன். "ஏன், மோந்து பாத்தா என்ன? அது அவங்க பூதானே?"

"அவங்க பூவு எனக்கு எதுக்கு? என் செடி பூக்கட்டும். முதல் பூவ ஆண்டவனுக்குக் குடுப்போம். ரெண்டாவது பூவ ஆசதீர நான் மோந்துக்கறேன்."

"அதுக்கு ஒரு வருஷம் ஆகும்."

"ஆகட்டும். உங்களக் கட்டிக்கறதுக்கு ரெண்டு வருசம் காத்துக் கெடக்கலையா, வாத்தியாரே?"

மறுநாள் காலை ஒட்டுக் கட்டினோம். வேலியோரம் காட்டு ரோஜா ஒன்று இருந்தது. அதன் தண்டில் பட்டையைக் கீறினேன். குச்சியிலிருந்து தளிர்விடும் கண் ஒன்றைத் தோலோடு சீவி எடுத்து உள்ளே செருகினேன். படித்ததுதான், அதுவரை கையால் செய்ததில்லை. கட்ட ஆரம்பித்தேன். நார் நழுவியது.

"தள்ளுங்க," என்றாள். "காலேஜுல இதத்தான் நாலு வருசம் சொல்லிக் குடுத்தாங்களா?"

வாழைநாரைப் பல்லில் கடித்துக் கிழித்தாள். கண் மட்டும் வெளியே தெரிய, மேலும் கீழும் சுற்றிக் கட்டினாள். இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. மாலை கட்டுகிற கை. இருபது நாளில் கண் பிடித்தது.

ஜனவரிப் பனிக்கு அதை மூடிவைத்தாள். மார்ச்சில் ஒன்றரை முழம் வளர்ந்தது. ஏப்ரலில் மொக்கு வந்தது. இளம் செடியில் முதல் மொக்கைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் செடி பலக்கும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டேன்.

அப்போது அவளுக்கு ஏழு மாதம். வளைகாப்பு முடிந்திருந்தது. முறைப்படி அன்றே பழனிக்குப் போயிருக்க வேண்டும். அத்தை கூட்டிப்போகத்தான் வந்திருந்தார். லீலா மறுத்துவிட்டாள்.

"பூ வெடிக்கட்டும்மா. இங்க மலைமேல குறிஞ்சியாண்டவருக்குக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல வாரேன்."

"ஏண்டி, பூவப் பெறுறதுக்கு இங்க, புள்ளயப் பெறுறதுக்கு அங்கயா?"

"ஆமா. ரெண்டையும் ஒரே எடத்துல பெத்தா ஊரு கண்ணு படும்."

அத்தை சிரித்தார். ஆனால் கீழே இறங்கும்போது என்னிடம் தனியாகச் சொன்னார். "வெரசா அனுப்பி வைங்க, மாப்ள." நான் தலையாட்டினேன். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அவள் வீட்டில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று வாரம் மொக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தண்ணீர் ஊற்றும்போது தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொள்வாள். மே பதினெட்டு, சனிக்கிழமை காலை பூ பாதி விரிந்தது. உள்ளங்கை அகலம். சிவப்பில் வெள்ளை வரி. ஓர் இதழ் மட்டும் சரிபாதி வெள்ளை, சரிபாதி சிவப்பு.

"பாருங்க, திருநீறும் குங்குமமும்," என்றாள்.

டாக்டர் அவளைத் தூரம் நடக்கக் கூடாது என்றிருந்தார். அதனால் நான் கொண்டுபோவதாக ஏற்பாடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பறித்தாள். காம்பில் ஈரத்துணி சுற்றி, வாழையிலையில் பொதிந்து, என் கையில் கொடுத்தாள்.

"வழில யாருக்கும் காட்டாதீங்க. நீங்களும் மோந்து பாத்துராதீங்க. திங்கக்கெழம வெள்ளனே பஸ் ஏறணும், ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன்.

வழியில் நல்லுசாமியைப் பார்த்தேன். வருஷா வருஷம் மே மாதம் நடக்கும் பூக் கண்காட்சிக்கு அட்டை எழுதிக் கொடுக்கிற வேலை அவருடையது. எழுத்து அச்சுப் போல இருக்கும். கையில் பிரஷ்ஷோடு கண்காட்சி வாசலில் நின்றிருந்தார்.

"ஏலே ஞானவேலு, என்னத்த இப்படி ஏந்திட்டுப் போற? கைப்புள்ளையா?"

பிரித்துக் காட்டினேன். காட்டாதே என்று அவள் சொல்லிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"அடேயப்பா. இது பூவா, புலியா?" என்றார். "வா உள்ள. என்ட்ரி ஒம்பதுக்கு முடியுது."

"இது சாமிக்கு."

"சாமி எங்க பஸ் ஏறியா போயிரப் போகுது? ஜட்ஜுங்க பத்து மணிக்கு வாரானுங்க. பதினொண்ணுக்குத் தூக்கிட்டுப் போயி வையி. வருசா வருசம் பங்களாக்காரனுங்க பேரையே எழுதி எழுதி எனக்குக் கை வலிக்குது. நம்மாளு பேரு ஒண்ணு எழுதறேனே."

நான் உள்ளே போனேன். அவர் இழுக்கவில்லை. நானாகத்தான் போனேன்.

தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் பூவை வைத்தார்கள். அட்டையில் ரோஜாவின் பெயர் கேட்டது. தெரியாது என்றேன். அடுத்து, வளர்த்தவர் பெயர். நல்லுசாமி பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். "ஞானவேல், பி.எஸ்ஸி." என்றேன். எழுதினார்.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். ஒவ்வொரு பூவாகக் குனிந்து முகர்ந்து குறித்துக்கொண்டார்கள். என் பூவிடம் அதிக நேரம் நின்றார்கள். அந்தப் பெண் இரண்டு முறை குனிந்தாள். அவர்கள் நகர்ந்த பிறகு நானும் குனிந்தேன். பன்னீர் ரோஜா மணம் இல்லை. நன்றாகப் பழுத்த பேரிக்காயைக் கடித்தால் வரும் மணம். அதற்கு அடியில் லேசாக எலுமிச்சைத் தோல்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. பாட்டிலைத் தூக்கப் போனேன். மாலை ஐந்து மணி வரை எதையும் எடுக்கக் கூடாது, விதி அப்படி என்றார் வாசலில் இருந்தவர். நல்லுசாமி தலையைச் சொறிந்தார். "தெரியலையேப்பா. நான் அட்டை எழுதறதோட சரி."

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் பள்ளிக்குள் நுழைந்து என் மேசையைத் திறந்தேன். தைப்பூசத்துக்கு மாமா கொடுத்தனுப்பிய பழனித் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று அங்கே பிரிக்காமல் கிடந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

லீலா வாசலில் நின்றாள்.

"குடுத்தாச்சா?"

"ஆச்சு."

"ஐயர் என்ன சொன்னாரு?"

"இப்படி ஒரு பூவு பாத்ததில்லைன்னார்."

"சாமிக்கு எங்க வச்சாரு? காலடியிலயா?"

"தோள்ல. வலது தோள்ல."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். நெற்றியில் இட்டுக்கொண்டாள். வயிற்றிலும் பூசிக்கொண்டாள். ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியிலும் வைத்தாள்.

ஐந்து மணிக்கு ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கண்காட்சிக்குப் போனேன். கூட்டத்தில் கொட்டகைக்குள் புழுக்கம். பூ முழுதாக விரிந்து இதழ்கள் தளர்ந்துவிட்டன. பாட்டிலை அசைத்ததும் பாதி உதிர்ந்தது. இதழ்களை அள்ளிக் காகிதத்தில் சுற்றினேன். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பாதையோரம் யூகலிப்டஸ் மரத்தடியில் கொட்டினேன். பரிசு அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ரொட்டி வாங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் ரத்தம் போகத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு லாரி கிடைத்தது. முன் சீட்டில் உட்கார வைத்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பூதான் போயிருச்சுல்ல. அப்ப ஒண்ணும் ஆகாது."

ஞாயிறு பகல் பெண் குழந்தை பிறந்தது. காலையில் அடித்த தந்தி கண்டு அத்தை வந்து சேர்ந்தார். மாலையில் லீலா இறந்தாள்.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடிக் கிடந்தது, எந்த ஊரில் இருந்தாலும் சிரமம்தான் என்றார் டாக்டர். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். பூவுக்கும் ரத்தத்துக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். அது தெரிந்திருப்பதால் ஒரு பயனும் இல்லை.

ஒரு வாரம் கழித்துச் செடியில் இரண்டாவது பூ விரிந்தது. வெட்டவில்லை. அது தானாக உதிர்ந்தது.

குழந்தையை அத்தை பழனிக்குத் தூக்கிப்போனார். வடிவு என்று பெயர் வைத்தார்கள். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வந்தேன். ஒவ்வொரு முறையும் அத்தை யாராவது ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்வார்: "இவருதான் எங்க மாப்ள. முதப் பூவ நடந்தே போயி ஆண்டவர்ட்ட குடுத்துட்டு வந்தவரு." நான் தரையைப் பார்ப்பேன். துக்கத்தில் இருக்கிறேன் என்று எண்ணிக்கொள்வார்கள். பொட்டலத்தில் மீதியிருந்த திருநீற்றை அத்தை கொண்டுபோயிருந்தார். தினமும் காலையில் குழந்தையின் நெற்றியில் அதில் ஒரு துளி.

ஐப்பசியில் மாமா ஓர் ஒட்டுச்செடி கேட்டார். நானே கீறி, நானே கட்டினேன். முதல் இரண்டும் கருகிப்போயின. மூன்றாவது பிடித்தது. வடிவுக்கு வாங்கிய பால் பவுடர் டின் ஒன்று வீட்டில் கிடந்தது. அடியில் ஆணியால் துளை போட்டு மண் நிரப்பி அதில் மாற்றி வைத்தேன்.

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் அத்தை வந்தார். வத்தலக்குண்டு வரை தெரிந்தவர்கள் துணைக்கு வந்தார்களாம். மாமா வரவில்லை. வைகாசி விசாகம் வருகிறது, மாலை கட்டும் சோலி தலைக்கு மேல் கிடக்கிறது என்றார். குழந்தை என்னைப் பார்த்து அழுதது.

"அப்பாவப் பாத்து அழுகலாமா? ஒங்கப்பா பூச்சாண்டியா? மழிக்காம நின்னா வேற யாருன்னு நெனைக்கும்? காலைல மொத சோலியா மொகத்த மழிங்க, மாப்ள."

ஞாயிறு காலை மழித்தேன். வெளியே வந்தபோது அத்தை தோட்டத்தில் இருந்தார். தாய்ச்செடியில் ஒரு பூ பாதி விரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு மொக்கு. டின்னில் இருந்த சிறு செடியிலும் பட்டாணி அளவில் ஒரு மொக்கு. அத்தை டின்னுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலைப்பால் மூக்கைக் கட்டியிருந்தார். முடிச்சு இடது காதுக்குப் பின்னால். லீலா போடுகிற இடம்.

குழந்தையைப் படியில் உட்கார வைத்தார். இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். காகிதம் மடிப்பில் கிழிந்திருந்தது.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் வரும்," என்றார். "அதனால என்ன, இப்பப் போயிப் புதுசா வாங்கிக்குவோம். வெயில் ஏறுறதுக்குள்ள கோயிலுக்குப் போயிட்டு வந்துருவோமா? அந்த ஐயர நான் பாக்கணும். வலது தோள்ல வச்சாருன்னு சாவுறதுக்கு முன்னாடி என்ட்ட சொல்லிட்டுப் போனாளே. அந்தக் கைய ஒரு தரம் கும்புட்டுக்கறேன்."

"அத்தை."

"அவரு இப்பவும் அங்கதான இருக்காரு?"

"எனக்குத் தெரியாது."

"மாறிப் போயிட்டாரா?"

"நான் கோயிலுக்குப் போகலை, அத்தை."

அவருக்குப் புரியவில்லை. "இன்னிக்கா?"

"அன்னிக்கு."

கையில் பொட்டலம் அப்படியே இருந்தது. குழந்தை அதற்குக் கை நீட்டியது. அத்தை அதைத் தள்ளிப் பிடித்தார்.

"பூவு எங்க போச்சு?"

"கண்காட்சியில வச்சேன். போட்டிக்கு. ஒரு மணி நேரத்துல எடுத்துரலாம்னு நெனச்சேன். எடுக்க விடலை."

"பெறகு?"

"உதிர்ந்து போச்சு. ரோட்டோரம் போட்டுட்டேன்."

நான் உள்ளே போய், தாவரவியல் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்திருந்த பரிசு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. சாட்சி போல இருக்கட்டும் என்று இருக்கலாம். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அவ பேரு இருக்கா?"

"இல்லை. என் பேரு."

அட்டையைப் படியில் வைத்தார்.

"மோந்து பாத்தாங்களா?"

"ஆமா."

"எத்தன பேரு?"

"மூணு பேரு. அப்புறம் நான்."

"அவ?"

"இல்லை."

"அதுக்குப் பெறகு?"

"இல்லை. அவ மோந்து பாக்கவே இல்லை. ரெண்டாவது பூ வர்றதுக்குள்ள போயிட்டா."

அத்தை மூக்கில் கட்டியிருந்த தலைப்பை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்க நேரமாயிற்று. ஆண்டவனைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். நேர்ந்துகொண்டதைத் தடுத்துவிட்டீர்கள், அதனால்தான் என் மகள் போனாள் என்று சொல்வார், அதற்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று ஒரு வருஷமாகத் தயாராக இருந்தேன்.

அவர் அதைச் சொல்லவில்லை.

"சாமிக்குன்னு வச்சத எடுத்துட்டீங்க. அது உங்களுக்கும் சாமிக்கும் உள்ளது. அவரு கேட்டுக்குவாரு. எம் மகளுக்கு ஏன் இல்லாமப் பண்ணுனீங்க?" குரல் உயரவில்லை. "அதான் எச்சிப் பட்டுப் போச்சே. நாலு பேரு மோந்த பூவு. சாயங்காலம் உதுந்த எதழையாவது அள்ளிக் கொண்டாந்து, 'இந்தா புள்ள, தப்புப் பண்ணிட்டேன், மோந்து பாரு'ன்னு குடுத்திருந்தா என்ன? ரெண்டு அடி அடிச்சிருப்பா. ஒரு நாள் பேசாம இருந்திருப்பா. மோந்து பாத்திருப்பா."

அவிழ்த்த தலைப்பைக் கையில் சுருட்டினார்.

"ஆறு வயசுல இருந்து மூச்சப் புடிச்சிட்டே இருந்த புள்ள," என்றார்.

அவர் அழவில்லை. நானும் அழவில்லை. குழந்தை பரிசு அட்டையை எடுத்து வாயில் வைத்தது. இருவரும் அதைத் தடுக்கவில்லை.

அத்தை பொட்டலத்தைப் பார்த்து, "இந்தத் துன்னூறு ஏது?" என்று கேட்டார்.

"தைப்பூசத்துக்கு மாமா குடுத்தனுப்பினது. ஸ்கூல்ல மேசையில கெடந்தது."

"அப்ப எங்க வீட்டுப் பொட்டலம்தான்."

கடைசிச் சிட்டிகையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். வெறும் காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு தாய்ச்செடியிடம் போனார். கத்தரி கேட்கவில்லை. காம்பை வளைத்து ஒடித்தார். விரலில் முள் குத்தியது. அதைப் பார்க்கவில்லை.

பூவைக் குழந்தையின் மூக்கருகே பிடித்தார். அது இரண்டு கையாலும் பறித்து ஓர் இதழைக் கடித்தது. தும்மியது. மறுபடியும் முகத்தைப் பூவுக்குள் நுழைத்தது.

"நல்லா மோந்துக்க," என்றார் அத்தை. "ஒங்கம்மா பூவு."

பிறகு அவர் குனிந்து முகர்ந்தார். மாலை கட்டும் வீட்டில் வாக்கப்பட்டு முப்பத்தைந்து வருஷம். பூவை முகர்கிற பழக்கம் இல்லாதவர் முகர்வது போலத்தான் இருந்தது. அதிகமாக உள்ளே இழுத்துவிட்டு இருமினார்.

"பேரிக்கா வாசம்," என்றார்.

என்னிடம் நீட்டவில்லை.

அன்று கோயிலுக்குப் போகவில்லை. சமைத்தார். சாப்பிட்டோம். துணி துவைத்துப் போட்டார். என்னோடு பேசியது ஐந்தாறு வார்த்தை இருக்கும். உப்பு எங்கே, விறகு எங்கே, பஸ் எத்தனை மணிக்கு.

திங்கட்கிழமை முதல் பஸ். டின்னை நான் தூக்கி வந்தேன். செடியை வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து, டின்னைக் காலுக்கு நடுவே வைத்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டார்.

"இந்த மொக்க என்ன செய்யணும்?"

"கிள்ளிடலாம். செடிக்கு நல்லது."

"பூக்கட்டும்."

"நந்தவனத்துல வைக்கிறதா இருந்தா..."

"நந்தவனத்துல எப்படி வைக்க? இது அந்தச் செடியோட கண்ணுதான? அப்ப அதே செடிதான். மோந்த செடி ஆண்டவனுக்கு ஆகாது." குழந்தையின் தலைத்துணியை இழுத்துவிட்டார். "கெணத்தடில வைக்கிறேன். இவ வளந்து மோந்து பாக்கட்டும், தலைல வச்சிக்கட்டும். அது இவ செடி."

நான் படித்ததும் அதுதான். எத்தனை ஒட்டுக் கட்டினாலும் செடி ஒன்றுதான். முதல் பூ ஒரு முறைதான். அத்தைக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

"மாமா கேட்டா?" என்றேன்.

"வேருல புழு கெடக்கு, மத்த செடிக்குத் தொத்திரும்னு சொல்லுவேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பெறகு என்ன செய்ய? இப்பச் சொன்னா அந்த மனுசன் விசாகத்துக்கு நாரத் தொடுவாரா? தெனமும் மாலையில கடைசிப் பூவ வைக்கும்போது அவ பேரச் சொல்லித்தான் முடிச்சுப் போடுறாரு." டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அத்தை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அவருகிட்ட நான் இதுவரைக்கும் பொய் பேசுனதில்ல, மாப்ள. விசாகம் முடிஞ்சு பத்து நாள்ல திதி. நீங்க வருவீங்க. அப்ப நீங்களே அவருட்ட சொல்லிருங்க. அதுவரைக்கும் நான் வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"சொல்றேன், அத்தை."

"அன்னிக்கும் இப்படித்தான் தலையாட்டுனீங்க. வெரசா அனுப்புறேன்னு."

பஸ் கிளம்பியது. குழந்தை சன்னல் வழியாகக் கையை நீட்டியது. என்னைப் பார்த்தா, வெளியே தெரிந்த எதையாவது பார்த்தா, தெரியவில்லை. வளைவு திரும்பும் வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்தேன். பரிசு அட்டை படியில் கிடந்தது. ஒரு மூலை ஊறிப்போயிருந்தது. என் பெயரில் பாதி கலைந்திருந்தது. எடுத்து அடுப்பில் போட்டேன்.

பள்ளிக்கு நேரம் இருந்தது. செடியருகே போனேன். ஒட்டுக்குக் கீழே ஒரு காட்டுத் தளிர் கிளம்பியிருந்தது. கிள்ளிப் போட்டேன். மேலே, நேற்று மொக்காக இருந்தது விரியத் தொடங்கியிருந்தது. இந்தப் பூவில் வரிகள் மெல்லியவை. வெள்ளை குறைவு. ஒரு வருஷமாக இந்தச் செடியில் எத்தனையோ பூ வந்து உதிர்ந்திருக்கிறது. ஒன்றிடமும் நான் குனிந்ததில்லை.

குனிந்தேன். இதழ் மூக்கில் பட்டது. மணம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது நெஞ்சு வலித்தபோதுதான் தெரிந்தது.